வண்டிச் சக்கரத்தின் பேரிங்



பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து பகாங் மாநிலத்துத் தானா ராத்தா வரை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் சாலையின் நீளம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நம் தோட்டங்களில் ஓடும் பழைய லாண்ட் ரோவரின் டயர் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் விட்டமுடையது. அதன் சுற்றளவு இரண்டரை மீட்டர். அப்படியானால் அந்த வண்டி ஒருமுறை மலையிறங்க ஒவ்வொரு சக்கரமும் எத்தனை தடவை சுழல வேண்டும்? நம் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர் போட்டுவிடக்கூடிய கணக்குத்தான். விடை 24,000. பாரத்தோடு வண்டியின் எடை 2,400 கிலோகிராம் என்று வைத்துக் கொண்டால், ஒவ்வொரு சக்கரமும் 600 கிலோகிராமைச் சுமந்துகொண்டு அந்த 24,000 சுற்றையும் சுற்றுகிறது. இந்தச் சுமையை ஏற்றுக்கொண்டு, சக்கரத்தைத் தடையின்றிச் சுழல விடுகிற உறுப்பு எது? உள்ளங்கையில் அடங்கிவிடும் ஓர் இரும்பு வளையம். அதைத்தான் பேரிங் என்கிறோம். தாங்கி என்றும் சொல்லலாம். ஆனால் பட்டறையிலும் கடையிலும் பேரிங் என்றால்தான் விளங்கும் என்பதால் நாமும் அந்தச் சொல்லையே கையாள்வோம்.

அது என்ன வேலை செய்கிறது, கெட்டுப்போனதை எப்படி அறிவது, வீட்டு முற்றத்திலேயே எப்படி மாற்றுவது, எதை வீட்டில் செய்யக்கூடாது என்பவற்றை இன்றைய பேச்சில் காண்போம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பேரிங் காரணமில்லாமல் கெடுவதில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதிய பேரிங் போட்டால் அதுவும் பழையதைப் போலவே கெடும்.

முதலில் அது வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். மேசைமேல் கனமான அகராதி ஒன்றை வைத்து ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள், நகர மறுக்கும். அதன் அடியில் நான்கைந்து உருண்டைப் பென்சில்களை வரிசையாக வைத்துத் தள்ளுங்கள், வழுக்கிக்கொண்டு ஓடும். தேய்த்துக்கொண்டு நகர்வதைவிட உருண்டுகொண்டு நகர்வது எளிது. இவ்வளவுதான் பேரிங்கின் தத்துவம். நிலையாக நிற்கும் அச்சுக்கும் சுழலும் சக்கரத்துக்கும் இடையே, பென்சில்களைப் போன்ற எஃகு உருளைகளை வட்டமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் நேரான உருளை சக்கரத்துக்குப் போதாது. வளைவில் திரும்பும்போது சக்கரத்தின்மேல் மேலிருந்து வரும் பாரத்தோடு பக்கவாட்டுத் தள்ளுதலும் சேர்கிறது. நம் மலைச் சாலையில் வளைவுக்குப் பஞ்சமில்லை. இரண்டு பாரத்தையும் ஒரே உறுப்பு தாங்க வேண்டுமானால் உருளை ஒரு பக்கம் பருத்தும் மறுபக்கம் சிறுத்தும் இருக்க வேண்டும். தேநீர்க் கிளாஸ் ஒன்றைப் படுக்க வைத்து மேசைமேல் உருட்டிப் பாருங்கள். வாய் அகன்று அடி குறுகிய கிளாஸ் நேராக ஓடாது, வட்டமடிக்கும். அதுபோலவே சரிவான உருளைகளும் சரிவான வளையத்தின் மேல் தாமாகவே வட்டமாக உருள்கின்றன. இந்த வகைப் பேரிங்குக்கு அமெரிக்காவில் ஹென்றி டிம்கன் என்ற வண்டி செய்பவர் 1898-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிக்காகப் பிறந்த அந்த அமைப்பு பின்னர் மோட்டார் வண்டிக்கும் வந்து சேர்ந்தது.

1948-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட லாண்ட் ரோவரும் தன் சக்கரங்களில் இத்தகைய சரிவு உருளைப் பேரிங்குகளையே கொண்டது. கேமரன் மலையில் 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாச் சாலை 1931-இல் தானா ராத்தாவை எட்டியது. பிற்காலத்தில் தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் சேற்றையும் சரிவையும் தாங்கும் வண்டி தேவைப்பட்டபோது லாண்ட் ரோவர் இம்மலையின் வண்டியாகவே ஆகிவிட்டது. 1971 முதல் 1985 வரை உற்பத்தியான மூன்றாம் வரிசை வண்டிகள் இன்றும் ரிங்லெட்டிலும் பிரிஞ்சாங்கிலும் கம்போங் ராஜாவிலும் ஓடக் காண்கிறோம். இவை இத்தனை காலம் ஓடுவதற்குக் காரணங்களில் ஒன்று, கைக்கருவிகளைக் கொண்டே கழற்றிப் பூட்டக்கூடியவை என்பதாகும். ஆகவே நம் விளக்கத்துக்கும் இந்த வண்டியையே, அதிலும் எளிதான பின்சக்கரத்தையே எடுத்துக் கொள்வோம்.

பேரிங் கெடுவதை எப்படி அறிவது? பெரும்பாலும் அது முன்கூட்டியே சத்தம் போடும். வண்டி ஓடும்போது வண்டு ரீங்கரிப்பது போன்ற ஓசை எழும். வேகம் கூடினால் ஓசையும் கூடும். கியரை நியூட்ரலில் போட்டு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டாலும் அந்த ஓசை மாறாது. அப்படியானால் அது எஞ்சின் ஓசையன்று, சக்கரத்தின் ஓசை. எந்தப் பக்கத்துச் சக்கரம் என்பதை வளைவு காட்டிக் கொடுக்கும். இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரங்களின்மேல் சாய்கிறது. ஆகவே இடப்பக்கம் திரும்பும்போது ஓசை மிகுந்தால் வலப்பக்கத்துப் பேரிங்கையே முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டு வளைவுகளில் கவனித்தால் ஓரளவு தெளிவாகிவிடும். ஆனால் முரட்டு டயரும் இதே போன்ற ஓசையை எழுப்பும். எனவே காதை மட்டும் நம்பாமல் கையாலும் சோதிக்க வேண்டும்.

சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, மேலே ஒரு கையும் கீழே ஒரு கையுமாகப் பிடித்து, உள்ளும் வெளியுமாக ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் பேரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது தேய்ந்திருக்கிறது. முன்சக்கரமானால் இன்னொரு சோதனையும் உண்டு. உதவியாளர் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குறை பேரிங்கில். நிற்காவிட்டால் குறை திருப்புமுனை ஆணியில். பிறகு சக்கரத்தைக் கையால் சுழற்றி, பிரேக்குக்குப் பின்னுள்ள தகட்டில் விரல்நுனியை வைத்துப் பாருங்கள். நல்ல பேரிங் வழவழவென்று ஓடும். கெட்ட பேரிங்கில் மணல் அரைபடுவது போன்ற நறநறப்பு விரலில் உறைக்கும்.

இந்த அறிகுறிகளை அலட்சியம் செய்தால் என்னவாகும்? லாண்ட் ரோவரின் பின்சக்கரத்தில் வண்டியின் பாரம் முழுவதையும் ஹப் என்னும் குடம் தாங்குகிறது. நடுவிலுள்ள அச்சுக்கம்பி சக்கரத்தைச் சுழற்றுமே தவிரப் பாரத்தைத் தாங்காது. எனவே பேரிங் நொறுங்கினால் குடத்தை இடத்தில் நிறுத்தி வைக்க ஒன்றுமில்லை. முதலில் பிரேக் டிரம் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டம் பிரேக் கட்டைகளைப் பின்னுக்குத் தள்ளும். மிதித்தால் பெடல் ஆழத்துக்குப் போகும். முடிவில் சக்கரம் குடத்தோடு கழன்று போகவும் கூடும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம் என்றிருக்கும் சாலையில், பின்னால் பள்ளிப் பிள்ளைகளோ கொழுந்து பறிக்கும் பெண்களோ அமர்ந்திருக்கும் வண்டிக்கு இது நேர்ந்தால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி மாற்றும் வேலைக்கு வருவோம். வேலையைத் தொடங்குமுன் உயிரைக் காக்கும் எச்சரிக்கை ஒன்று. பழைய லாண்ட் ரோவரின் ஹேண்ட் பிரேக் மற்ற கார்களைப் போலச் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. கியர்ப் பெட்டியின் பின்னால், நடுத்தண்டைத்தான் அது பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றை மேலே தூக்கிவிட்டால், தூக்கிய சக்கரம் ஒரு திசையிலும் தரையிலுள்ள சக்கரம் எதிர்த்திசையிலும் சுழல முடியும். ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே இருக்க, வண்டி ஓடிவிடும். அச்சுக்கம்பியை வெளியே உருவிவிட்டாலும் இதே ஆபத்துத்தான். ஆகையால் சமதளமான இடத்தில் மட்டுமே இவ்வேலையைச் செய்ய வேண்டும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கனமான மரக்கட்டைகளை முட்டுக் கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் கை வைக்கக் கூடாது. அச்சுக்குக் கீழே இரும்புத் தாங்குகால் வைத்து வண்டியை அதன்மேல் இறக்க வேண்டும். செங்கல்லும் துளையுள்ள சிமெண்டுக் கல்லும் ஆகா. அவை சொல்லாமல் நொறுங்கும்.

தேவையான பொருள்களை முன்கூட்டியே சேர்த்துக் கொள்ளுங்கள். உள்பேரிங், வெளிப்பேரிங், எண்ணெய் சீல், மடக்குப் பூட்டு வாஷர், காகிதக் கேஸ்கெட், சக்கரப் பேரிங்குக்குரிய லித்தியம் கிரீஸ், மண்ணெண்ணெய், நூல் உதிராத சுத்தமான துணி ஆகியவை வேண்டும். கருவிகளில் முக்கியமானது பெரிய நட்டுக்குரிய குழாய் ஸ்பேனர். அது இல்லாமல் உளியையும் சுத்தியலையும் கொண்டு நட்டைத் தட்டிக் கழற்றுவோர் உண்டு. நட்டின் மூலைகள் சிதைவதோடு அச்சின் மரையும் கெடும். எஃகுத் துணுக்கு தெறித்துக் கண்ணில் படவும் கூடும். கண்ணுக்குக் கண்ணாடி அணிவது எந்த வேலைக்கும் நல்லது. பேரிங்கை நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். புகழ்பெற்ற பெயர்களைப் பொறித்த போலிகளும் சந்தையில் உலவுகின்றன. வாங்கிய பேரிங்கைப் பூட்டும் நேரம் வரை உறையிலிருந்து எடுக்காதீர்கள்.

சக்கரத்தின் ஐந்து நட்டுகளையும் வண்டி தரையில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு, பிறகு தூக்குங்கள். சக்கரத்தை எடுத்ததும் பிரேக் டிரம் தெரியும். அதைப் பிடித்திருக்கும் மூன்று திருகாணிகளைக் கழற்றி, பிரேக் கட்டைகளைத் தளர்த்தி, டிரம்மை உருவுங்கள். உள்ளே படிந்திருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக் கூடும்; அதன் தூசி நுரையீரலுக்குப் பகை. ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள்.

அடுத்து, குடத்தின் நடுவில் வட்டமாக உள்ள ஆறு போல்டுகளைக் கழற்றினால் அச்சுக்கம்பி அதன் தட்டோடு வெளியே வரும். சிறிது எண்ணெய் சொட்டும். அடியில் ஒரு தட்டை வையுங்கள். இப்போது உள்ளே இரண்டு பெரிய நட்டுகள், இடையே பூட்டு வாஷர் என்ற அமைப்பைக் காண்பீர்கள். வாஷரின் மடிப்பை நிமிர்த்தி, வெளி நட்டு, வாஷர், உள் நட்டு, அதன் பின்னுள்ள தட்டை வளையம் ஆகியவற்றைக் கழற்றுங்கள். கழற்றியவற்றை அதே வரிசையில் ஒரு பழைய செய்தித்தாளின்மேல் வைத்தால் பூட்டும்போது குழப்பம் இராது. குடத்தை இரு கைகளாலும் மெதுவாக இழுங்கள். வெளிப்பேரிங் முதலில் நழுவி வரும். அது மண்ணில் விழாமல் பிடித்துக் கொள்ளுங்கள். குடத்தின் பின்பக்கத்துச் சீலை நெம்பி எடுத்தால் உள்பேரிங்கும் வந்துவிடும்.

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். பழைய பேரிங்கைத் தூக்கிக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்ட முனைகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பாருங்கள். அது எப்படிக் கெட்டது என்பதற்குரிய அடையாளம் அதன் மேலேயே இருக்கும்.

உருளைகள் நீலமாகவோ வைக்கோல் நிறமாகவோ மாறியிருந்தால் அது சூட்டின் அடையாளம். நட்டு அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருக்கலாம், கிரீஸ் வற்றியிருக்கலாம், அல்லது பிரேக் கட்டை விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கலாம். மலையிறக்கத்தில் கீழ்க்கியரைப் போடாமல் முழுதும் பிரேக்கையே மிதித்து இறங்கும் பழக்கமும் குடத்தைச் சூடேற்றும்.

துருப்பிடித்த குழிகளும், உருளைகளின் இடைவெளி அளவிலேயே கறுப்புக் கோடுகளும் தெரிந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இம்மலையில் இதுவே அடிக்கடி காணும் குறை. தண்ணீர் எப்படிப் புகுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓடி வந்த வண்டியின் குடம் சூடாக இருக்கும். அதனுள் உள்ள காற்றும் விரிந்திருக்கும். அந்த நிலையில் ஓடைக்குள் இறங்கினால் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கும் காற்று வெளியிலுள்ள தண்ணீரைச் சீலின் வழியே உள்ளே உறிஞ்சிவிடும். ஓடையே இல்லாவிட்டாலும், வேலை முடிந்து வந்தவுடன் சேற்றைக் கழுவ வேகக் குழாயைச் சக்கரத்தின் நடுவில் நேராகப் பிடித்தால் இதே விளைவுதான். வண்டி ஆறிய பிறகு கழுவுங்கள்; நீரின் வேகத்தைக் குடத்தின்மேல் காட்டாதீர்கள்.

உருளையின் மேற்பரப்பு சுண்ணாம்புச் சுவர் உதிர்வது போலச் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால் எஃகு களைத்துவிட்டது என்று பொருள். நெடுங்காலம் உழைத்த பேரிங்குக்கு அது இயற்கையான முடிவு. ஆனால் புதிய பேரிங்குக்கு நேர்ந்தால் அது பெரும்பாலும் அதிகப் பாரத்தின் விளைவு. இதற்குரிய கணக்கைச் சுவீடன் நாட்டைச் சேர்ந்த லுண்ட்பெர்க், பால்ம்கிரென் என்ற இரு அறிஞர்கள் 1947-இல் வெளியிட்டனர். இன்றும் உலகெங்கும் பேரிங்கின் ஆயுளைக் கணிக்க அந்த வழியே அடிப்படையாக உள்ளது. அந்தக் கணக்கின்படி உருளைப் பேரிங்கின்மேல் பாரத்தை இரண்டு மடங்காக்கினால் ஆயுள் பாதியாகக் குறைவதில்லை. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. கோசுக் கூடைகளை வானளாவ ஏற்றுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு நடையை மிச்சப்படுத்துகிறோம் என்று எண்ணுகிறார்கள். மிச்சமான காசு பேரிங் கடைக்குப் போய்விடுகிறது.

மேற்பரப்பு பளபளப்பை இழந்து சாம்பல் நிறமாக மங்கியிருந்தால் கிரீஸில் மணலோ அழுக்கோ கலந்திருக்கிறது. வளையத்தில் சம இடைவெளியில் சிறு பள்ளங்கள் இருந்தால், பூட்டியவர் சுத்தியலால் உருளைகளின் மேலாக அடித்து ஏற்றியிருக்கலாம். அச்சுமுனையையும் பாருங்கள். பேரிங் அமரும் இடம் நீலம் பாய்ந்தோ வரிவரியாகச் சுரண்டப்பட்டோ இருந்தால் பேரிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. சீல் உரசும் வளையத்தில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் அந்த வளையத்தையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புதிய சீலும் ஒழுகும். ஒழுகிய எண்ணெய் பிரேக் கட்டையை நனைக்கும்.

காரணம் தெரிந்த பிறகு புதியதைப் பூட்டுவோம். ஒவ்வொரு பேரிங்கும் இரண்டு பகுதியாக வருகிறது. உருளைகளோடு கூடிய உள்கூம்பு ஒன்று. குடத்தில் இறுக்கமாக அமரும் கிண்ணம் மற்றொன்று. இரண்டும் ஒரு சோடி. பழைய கிண்ணம் நன்றாகத்தானே இருக்கிறது என்று எண்ணி அதில் புதிய உருளையைப் பொருத்தக் கூடாது. பழைய கிண்ணத்தை வெளியேற்ற, குடத்தின் மறுபக்கத்திலிருந்து பித்தளைக் கம்பியை வைத்து, ஒரே இடத்தில் அடிக்காமல் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். பித்தளை மெதுவானது, எஃகைக் காயப்படுத்தாது.

புதிய கிண்ணத்தை ஏற்றுவதற்கு இயற்கை நமக்கு உதவும். உலோகம் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும் என்பது பாடப்புத்தகத்தில் படித்ததுதான். புதிய கிண்ணத்தை ஒரு பையில் கட்டிச் சில மணி நேரம் உறைபெட்டியில் வையுங்கள். கழுவிய குடத்தை வெந்நீரில் வைத்துச் சூடேற்றி, உலரத் துடையுங்கள். இப்போது கிண்ணம் பெரும்பாலும் எளிதில் அமரும். அகன்ற வாய் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். சிறிது தட்ட வேண்டியிருந்தால் பழைய கிண்ணத்தையே மேலே வைத்துச் சமமாகத் தட்டலாம். அடியில் போய்ச் சேர்ந்ததும் தட்டும் ஓசை மாறி, கெட்டியான கணீர் ஓசையாகக் கேட்கும். அதற்குமேல் அடிக்க வேண்டாம்.

கிரீஸ் நிரப்புவதற்கு நம் உள்ளங்கையே போதும். கையை நன்றாகக் கழுவித் துடைத்து, இடது உள்ளங்கையில் எலுமிச்சம்பழ அளவு கிரீஸ் எடுத்துக் கொள்ளுங்கள். பேரிங்கின் பருத்த பக்கத்தின் விளிம்பை அந்தக் கிரீஸில் அழுத்தி அழுத்தி எடுங்கள். உருளைகளுக்கு இடையே புகுந்து மறுபக்கம் புழுப்போல் வெளிவரும்வரை அழுத்த வேண்டும். இப்படியே சுற்று முழுவதும் செய்யுங்கள். மேலாகப் பூசினால் உருளைகளின் உட்பக்கம் வறண்டிருக்கும். பழைய கிரீஸின்மேல் வேறு வகைக் கிரீஸைக் கலக்காதீர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் இளகி ஓடிவிடக்கூடும். அதற்காகக் குடத்தின் வயிறு நிறையக் கிரீஸைத் திணிப்பதும் தவறு. அது கடைபட்டுச் சூடாகும்.

உள்பேரிங்கை வைத்து, புதிய சீலை அதன் உதடு பேரிங்கை நோக்கி இருக்கும்படி சமமாகத் தட்டிப் பொருத்துங்கள். உதட்டில் சிறிது கிரீஸ் தடவுங்கள். குடத்தை அச்சுமுனையில் ஏற்றி, வெளிப்பேரிங், தட்டை வளையம், உள் நட்டு என்ற வரிசையில் பூட்டுங்கள்.

இப்போது வருவது வேலையிலேயே நுட்பமான கட்டம். குடத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்குங்கள். ஆட்டம் முழுவதும் நின்று குடம் சுழலத் தயங்கும்போது நிறுத்தி, நட்டைச் சிறிது தளர்த்துங்கள். மூன்றாம் வரிசை லாண்ட் ரோவருக்குக் குடம் உள்ளும் வெளியுமாக நகரும் இடைவெளி 0.10 முதல் 0.15 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். நாம் எழுதும் சாதாரணத் தாள் ஒன்றின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் என்றால் இந்த அளவின் நுண்மை விளங்கும். முள் காட்டும் டயல் கருவியை இரவல் வாங்கியாவது அளந்து பார்ப்பது நல்லது. ஏன் இந்த இடைவெளி? ஓடும்போது எல்லாம் சூடாகி விரிகிறது. விரிவதற்கு இடமில்லாவிட்டால் உருளைகள் நசுங்கிச் சூடு மேலும் ஏறும். இடைவெளி மிகுந்தாலோ சக்கரம் தள்ளாடி உருளைகளை இடிக்கும். இறுக்கமே பலம் என்று எண்ணி முழுப் பலத்தோடு முடுக்குவதுதான் வீட்டு வேலையில் அதிகம் நேரும் பிழை.

அளவு சரியானதும் புதிய பூட்டு வாஷரை வைத்து வெளி நட்டை இறுக்குங்கள். வெளி நட்டை இறுக்கும்போது உள் இடைவெளி சற்று மாறும். ஆகவே மறுபடியும் அளந்து பார்த்துவிட்டே வாஷரை இரண்டு நட்டுகளின்மேலும் மடிக்க வேண்டும். பிறகு கேஸ்கெட், அச்சுக்கம்பி, ஆறு போல்டு, டிரம், சக்கரம் என்று கழற்றிய வரிசைக்கு எதிர்வரிசையில் பூட்டுங்கள். பிரேக்கைச் சரிசெய்து, பின்னச்சின் எண்ணெய் அளவையும் பாருங்கள். சக்கர நட்டுகளை எதிரெதிராக இறுக்க வேண்டும்.

முதல் ஓட்டம் சமதளச் சாலையில், பாரமின்றி, ஐந்தாறு கிலோமீட்டர் போதும். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி வந்து குடத்தின் நடுவைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பானது. கை வைக்க முடியாத சூடானால் மறுபடி திறந்து பார்க்கத்தான் வேண்டும். 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கர நட்டுகளையும் ஆட்டத்தையும் இன்னொரு முறை சோதியுங்கள்.

நேயர்களே, இதுவரை சொன்னது திறந்து பூட்டக்கூடிய பழைய அமைப்புக்கு மட்டுமே பொருந்தும். இன்றைய சிறு கார்கள் பலவற்றின் முன்சக்கரத்தில் இருப்பது மூடி முத்திரையிட்ட குண்டுப் பேரிங். அதில் கிரீஸ் நிரப்பவோ இடைவெளி வைக்கவோ வேண்டியதில்லை. அங்கே அச்சு நட்டைத் தயாரிப்பாளர் கூறும் அளவுக்கு முழுமையாக இறுக்கியே ஆக வேண்டும். அந்தப் பேரிங் பல கார்களில் டன் கணக்கான விசையோடு அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் உள்ளிருக்கும் குண்டுகள் வளையத்தில் பள்ளம் பதித்துவிடும். புதிய பேரிங் வீட்டை விட்டுக் கிளம்புமுன்பே கெட்டுவிடும். அதற்கு அழுத்தும் இயந்திரம் உள்ள பட்டறைக்குப் போவதே அறிவுடைமை. வேறு சில கார்களில் குடமும் பேரிங்கும் ஒரே உறுப்பாக வந்து போல்டில் பூட்டப்படுகின்றன. அவற்றை வீட்டில் மாற்ற இயலும். எது எந்த வகை என்று முதலில் தெரிந்துகொண்டு கருவியைத் தொடுங்கள்.

பட்டறை தொலைவில், கூலியும் கையிருப்பும் அளவானவை என்ற நிலையில் வாழும் தோட்டத்து மக்களுக்கு இத்தகைய வேலையைத் தாமே செய்யத் தெரிந்திருப்பது பெரும் உதவி. பிள்ளைகளையும் அருகில் நிறுத்திக் கொள்ளுங்கள். உராய்வு, சூட்டில் உலோகம் விரிதல், காற்றின் சுருக்கம், வட்டத்தின் சுற்றளவு ஆகிய பாடங்களை எல்லாம் ஒரே சக்கரத்தில் அவர்கள் கண்ணாரக் காண்பார்கள். பழைய பேரிங்கை அவர்கள் கையில் கொடுத்து, அது ஏன் கெட்டது என்று கேளுங்கள். விடையை அவர்களே கண்டுபிடித்துச் சொல்லட்டும்.

சுத்தமான கை, அளவான இறுக்கம், அளவான பாரம் ஆகிய மூன்றும் இருந்தால் நல்ல பேரிங் பல ஆண்டுகள் உழைக்கும். உங்கள் வண்டியில் ரீங்காரம் கேட்கிறதா என்று இன்றைக்கே ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள். கேட்டால், அடுத்த முறை மலையிறங்கும் முன்பே சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள்.